மடியில் கனம்

ஒரு திங்கட்கிழமை காலை வழக்கம்போல மடிக்கணினியின் மூடியைத் தூக்கினேன். இடது மூலையில் 'டக்' என்று ஒரு சத்தம். திரை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பின்பக்கம் சாய்ந்தது. கீலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் வாயைப் பிளந்திருந்தது. திருப்புளியை எடுத்து அடிப்பாகத்தைக் கழற்றிப் பார்த்தேன். உலோகக் கீலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பிடித்திருந்த மூன்று திருகாணிகளும் தங்கள் பித்தளை மரைகளோடு கெட்டியாகவே இருந்தன. அந்த மரைகள் பதிந்திருந்த பிளாஸ்டிக் குமிழ்கள்தான் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. நாளுக்குப் பத்து முறையாவது திறந்திருப்பேன், ஏழு ஆண்டுகள். ஒவ்வொரு முறையும் இறுகிப்போன கீல் அந்தச் சிறு குமிழ்களை நெம்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

நான் மெய்ப்புப் பார்ப்பவள். இடையிடையே மொழிபெயர்ப்பும் செய்கிறேன். ஒரு நாளில் எட்டு மணி நேரம் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பிழைப்பு. அந்தப் பழைய கணினியை நான் நன்றாகவே பராமரித்தேன். மூன்றாம் ஆண்டில் இன்னொரு 4 ஜிபி ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம், போட்டேன். சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகத்தை மாற்றினேன். அன்று அது மறுபிறவி எடுத்ததுபோல ஓடியது. பேட்டரியையும் ஒரு முறை மாற்றியாயிற்று. ப்ராசஸர் என் வேலைக்குக் கடைசிவரை போதுமானதாகவே இருந்தது. ஆனால் வாங்கும்போது நான் ஒப்பிட்டுப் பார்த்ததெல்லாம் இந்த ப்ராசஸரையும் ரேமையும் டிஸ்க்கையும்தான். கீலைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரையைப் பற்றி அட்டைப்பெட்டியில் இருந்ததோ '15.6 அங்குலம், எச்டி', அவ்வளவுதான்.

ஆகவே புதிது வாங்க உட்கார்ந்தபோது வரிசையைத் தலைகீழாக்கினேன். வாங்கிய பிறகு மாற்றவே முடியாதவை, அல்லது மாற்றுவதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று தோன்ற வைப்பவை எவை? உடம்பின் அளவு, எடை, திரை, விசைப்பலகை, கீல், மதர்போர்டு என்ற முதன்மைச் சுற்றுப்பலகையோடு பற்றவைத்த ரேம். முதலில் இவற்றைப் பார்ப்பது, மற்றதெல்லாம் பிறகு என்று முடிவு செய்தேன். மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டதையும், அதற்குப் பிறகு கையில் வைத்துப் பழகித் தெரிந்துகொண்டதையும் எழுதி வைக்கிறேன்.

அளவிலிருந்து தொடங்குகிறேன், மற்ற எல்லாவற்றையும் அதுதான் இழுத்துக்கொண்டு போகிறது. 13 அங்குலம் ஒரு பக்கம், 15.6, 16 அங்குலம் மறுபக்கம், நடுவில் 14. வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே கணினிதான் என்று இருப்பவர்களுக்கு இந்த நடு அளவைத்தான் சொல்வேன். சிறிய திரைக்கு மாறினால் கண் கெட்டுவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. அது உயரத்தையும் அகலத்தையும் மறைத்துவிடுகிறது. எனவே அட்டையில் இரண்டு செவ்வகங்களை வெட்டினேன். பழைய 15.6 அங்குலத் திரை 16:9 விகிதம்: அகலம் 34.5 சென்டிமீட்டர், உயரம் 19.4. இப்போது வரும் 14 அங்குலத் திரைகளில் பெரும்பாலானவை 16:10 விகிதம்: அகலம் 30.2, உயரம் 18.8. இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் உயரத்தில் வித்தியாசம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. குறைவதெல்லாம் பக்கவாட்டில்தான். எழுத்து வேலை மேலிருந்து கீழே ஓடுவது. பக்கவாட்டில் நான் இழந்தது பெரும்பாலும் வெற்றிடம்.

அதே 14 அங்குலத்தில் 16:9 விகிதத் திரையும் கிடைக்கிறது. அதன் உயரம் 17.4 சென்டிமீட்டர்தான். பெட்டியின் மேல் இரண்டுக்கும் '14' என்றே போட்டிருக்கும். விவரப் பட்டியலில் பிக்சல், அதாவது திரையின் ஒளிப்புள்ளி, எண்ணிக்கையைப் பாருங்கள்: 1920×1080 என்று இருந்தால் குட்டையானது, 1920×1200 என்று இருந்தால் உயரமானது. அந்த 120 பிக்சல் வரிசையில் நான்கைந்து வரிகள் கூடுதலாகத் தெரியும். நாள் முழுக்கப் பக்கத்தை உருட்டிக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு நான்கைந்து வரி எவ்வளவு பெரியது என்பதை மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

பெரிய கணினியில் இன்னொரு சங்கடம் இருந்தது. அதிலிருந்து விடுபட்ட பிறகுதான் தெரிந்தது. 15.6 அங்குலக் கணினிகள் பலவற்றில் வலது ஓரத்தில் எண்களுக்கென்று தனி விசைத்தொகுதி இருக்கும். அதற்கு இடம்விட்டு எழுத்து விசைகள் இடதுபக்கம் ஒதுங்கிவிடும். கைகள் இடதுபுறம், திரையின் நடுப்பகுதி வலதுபுறம். ஏழு ஆண்டுகளாக நான் கழுத்தைச் சற்றே வலப்பக்கம் திருப்பிக்கொண்டு தட்டச்சு செய்திருக்கிறேன். கணக்கு எழுதுபவர்களுக்கு அந்த எண் விசைகள் தேவைதான், அவர்களுக்கு நான் வேறு சொல்ல மாட்டேன். மற்றவர்கள் அதற்குக் கழுத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

எடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விளம்பரத்தில் போடும் எடை கணினியின் எடை மட்டும். தோளில் தொங்குவது கணினியும் சார்ஜரும் சேர்ந்தது. என் பழையது 2.2 கிலோ, அதன் செங்கல் போன்ற சார்ஜர் ஏறக்குறைய அரைக் கிலோ. புதியது 1.4 கிலோ, சார்ஜர் கால் கிலோவுக்கும் குறைவு. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் நாளில் அந்த ஒரு கிலோ எங்கே குறைந்தது என்று தோள் சொல்லும். 13 அங்குலத்துக்குப் போயிருந்தால் இன்னும் ஒரு கால் கிலோ குறைந்திருக்கலாம். ஆனால் அதில் இரண்டு ஆவணங்களைப் பக்கம் பக்கமாக வைத்தால் இரண்டையுமே படிக்க முடியாது. 14 அங்குலத்திலும் அது நெருக்கடிதான், மறைக்கவில்லை. மூலத்தையும் மெய்ப்பையும் ஒப்பிடும் நாட்களில் வீட்டு மேசையில் இருக்கும் 24 அங்குல மானிட்டரில் இணைத்துக்கொள்கிறேன். ஒரு 16 அங்குலக் கணினியைத் தூக்கிச் சுமப்பதைவிட, 14 அங்குலக் கணினியும் மேசையில் ஒரு மானிட்டரும் எனக்குப் பல மடங்கு பயன்படுகின்றன.

இனி திரை. இதில் நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன்.

தமிழ் எழுத்தைக் கூர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பொருள் முழுவதும் சின்னஞ்சிறு இடங்களில் தொங்கிக்கொண்டிருக்கும். 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் இடையில் இருப்பது அடியில் ஒரு சிறு சாய்கோடு. 'மண'த்தையும் 'மண்'ணையும் பிரிப்பது ஒரு புள்ளி. 'ணு', 'ழூ', 'னூ' போன்ற எழுத்துகளில் கொக்கிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும். என் பழைய திரை 1366×768 பிக்சல், 15.6 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 100 பிக்சல்தான் வரும். அதில் வழக்கமான எழுத்தளவில் 'ந்' மேலிருக்கும் புள்ளி ஒரு சாம்பல் நிறக் கறையாகத்தான் தெரியும். புள்ளி விடுபட்டிருக்கிறதா, மங்கலாகத் தெரிகிறதா என்று பார்க்க எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அப்படியும் ஒரு நூலில் இரண்டு இடங்களில் தவறவிட்டேன். அச்சில் வந்த பிறகு பார்த்தபோது ஏற்பட்ட வேதனை இன்னும் இருக்கிறது. புதிய திரை 14 அங்குலத்தில் 1920×1200. அங்குலத்துக்கு 160 பிக்சலுக்கு மேல். முதல் நாள் அதே கோப்பைத் திறந்தபோது புள்ளிகள் ஒவ்வொன்றும் வட்டமாக, தனியாக, மையிட்டதுபோல நின்றன. சற்று நேரம் வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

2880×1800 போன்ற இன்னும் நெருக்கமான திரைகளும் இருக்கின்றன. அழகாகத்தான் இருக்கும், ஆனால் அவை பேட்டரியைக் கூடுதலாகக் குடிக்கும். எழுத்து வேலைக்கு 1920×1200 போதும் என்பது என் முடிவு.

பிக்சலைப் போலவே பார்க்க வேண்டியது ஒளி. அதை 'நிட்ஸ்' என்ற அலகில் சொல்வார்கள். மலிவான மாடல்களில் 250 நிட்ஸ். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் நம் முகம்தான் தெரியும். 300 பரவாயில்லை. 400 இருந்தால் பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கும் அளவுகோல்கள் உண்டு. விவரப் பட்டியலில் '45% என்டிஎஸ்சி' என்று எழுதியிருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும் என்று பொருள். '100% எஸ்ஆர்ஜிபி' என்று இருந்தால் குடும்பப் புகைப்படம்கூட உயிரோடு தெரியும். ஒரே மாடல் பெயரில் இந்த இரண்டு திரைகளையும் விற்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இணையத்தில் ஒருவர் புகழ்ந்து எழுதியது நல்ல திரையை, நம் கைக்கு வருவது வெளிறியதை. மாடல் பெயருக்குக் கீழே இருக்கும் நீண்ட எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டுத் திரையின் விவரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் காசு கொடுத்தேன். பளபளப்பான திரை வேண்டாம், வெளிச்சத்தை எதிரொளிக்காத மேட் திரை போதும் என்பதிலும் உறுதியாக இருந்தேன். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகளில் கருப்பு அவ்வளவு ஆழம், படம் பார்க்க அற்புதம். ஆனால் அவற்றில் பல, ஒளியைக் குறைக்கும்போது மிக வேகமாக அணைந்து அணைந்து எரிந்துதான் குறைக்கின்றன. அது எல்லோருக்கும் உறுத்துவதில்லை. எனக்கு அரை மணியில் தலைவலி வந்தது.

விசைப்பலகையைப் பட்டியலில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, விரல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கடையில் இருந்த இளைஞர், "எந்த ப்ராசஸர் மேடம் பார்க்கிறீர்கள்?" என்று தொடங்கினார். "முதலில் ஒரு பக்கம் தட்டச்சு செய்து பார்க்கிறேன், தம்பி" என்றேன். நல்ல பையன், நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான்கு கணினிகளில் ஒரே பத்தியை அடித்துப் பார்த்தேன். நான் பயன்படுத்துவது தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பு. 1999-இல் வந்தது. உயிர் இடது கைப் பக்கம், மெய் வலது கைப் பக்கம். இரண்டு கைகளும் மாறி மாறி ஓடும், வேகம் பிடித்தால் தாளம்போல வரும். விசை ஆழம் இல்லாமல் தட்டையாக இருந்தால் அந்தத் தாளம் உடைந்துவிடுகிறது, விழுந்ததா இல்லையா என்று விரல் சந்தேகப்படுகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு விசை இறங்கினால் எனக்கு இதமாக இருந்தது. ஒரு கணினியில் நடுவில் அழுத்தினால் பலகையே குழிந்தது. உடம்பு மெலிது என்று அதைத்தான் பெருமையாகக் காட்டினார்கள். அதை அப்படியே வைத்துவிட்டேன்.

அங்கேயே மூடியை ஒற்றை விரலால் திறந்தும் பார்த்தேன். கீல் மிகவும் இறுக்கமாக இருந்தால் அடிப்பாகமும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வரும். அந்த விசை முழுவதும் எங்கே போகிறது என்பது எனக்கு இப்போது தெரியும். பிறகு திரையை ஒரு மூலையில் பிடித்து மெல்ல அசைத்தேன். கீல் எதில் திருகப்பட்டிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, அதற்கு வேறு வழி இருக்கிறது. லெனோவோ, டெல், எச்பி போன்ற நிறுவனங்கள் தங்கள் மாடல்கள் பலவற்றுக்குப் பழுதுபார்க்கும் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. எந்தத் திருகாணி எங்கே, கீலை எப்படிக் கழற்றுவது, பேட்டரி திருகாணியில் நிற்கிறதா, ரேமைச் செருகும் ஸ்லாட் இருக்கிறதா என்று படத்தோடு போட்டிருக்கும். வாங்குவதற்கு முந்தைய இரவு இருந்து இருந்து அந்தக் கையேட்டைத்தான் படித்தேன். பிரான்ஸில் 2021 முதல் மடிக்கணினிகளுக்குப் பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று காட்ட வேண்டும் என்ற சட்டம் வந்தது. அந்த மதிப்பெண்ணையும் தேடிப் பார்க்கலாம். ஒரு பொருளைச் செய்தவர்களே அதைத் திறந்து பார்க்க நமக்கு வழி சொல்வது எவ்வளவு மரியாதையான காரியம்!

ரேம் விஷயத்தில் என் அக்கா மகளின் அனுபவம்தான் எனக்கு எச்சரிக்கை. கல்லூரிக்கென்று மெலிதாக, அழகாக ஒன்று வாங்கினாள். 8 ஜிபி. இரண்டே ஆண்டுகளில், "சித்தி, வகுப்பு நடக்கும்போது ஒரு கோப்பைத் திறந்தாலே அப்படியே நின்றுவிடுகிறது. உங்களுடையதில் போட்டதுபோல இன்னொரு ரேம் போட்டுக் கொடுங்களேன்" என்று கொண்டுவந்தாள். திறந்து பார்த்தால் ஸ்லாட்டே இல்லை. நான்கு கருப்புச் சில்லுகள் மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டிருந்தன. அவளிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பற்றவைப்பதற்கும் காரணம் உண்டு. எல்பிடிடிஆர் என்ற அந்த வகை ரேம் ப்ராசஸருக்கு மிக அருகில் இருந்தால்தான் வேகமாகவும் குறைந்த மின்சாரத்திலும் ஓடும். கழற்றி மாற்றும்படியான எல்பிகேம்2 என்ற வடிவம் 2024-இல்தான் மடிக்கணினிகளில் வரத் தொடங்கியது, இன்னும் அரிது. எனவே ரேம் பற்றவைத்த மாடல் என்றால் இன்றைய தேவையைப் பார்க்காமல் ஐந்தாண்டு கழித்து வேண்டியதை இன்றே வாங்க வேண்டும்: குறைந்தது 16 ஜிபி. ஸ்லாட் இருந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றில் மட்டும் ரேம் இருந்தால் தரவு போகும் பாதை பாதியாகிவிடும்; படம் காட்டுவதற்கென்று தனி கிராபிக்ஸ் சில்லு இல்லாத கணினியில் அந்த மந்தம் தெரியும். இரண்டிலும் சமமாக இருப்பது நல்லது.

எஸ்எஸ்டியைப் பற்றிக் கவலைப்படவில்லை. பெரும்பாலான கணினிகளில் அது எம்.2 என்ற சிறு பட்டை, ஒரே திருகாணி, எப்போது வேண்டுமானாலும் பெரிதாக மாற்றலாம். 512 ஜிபியோடு நிறுத்திக்கொண்டேன்.

ப்ராசஸர் பெயர்களைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டும் சொல்கிறேன். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு மூன்றும் பெயரில் அடுத்தடுத்த வீடுகள்போல இருக்கின்றன. உள்ளே இருப்பதோ மூன்று வெவ்வேறு தலைமுறைகள்: முதலாவது ஜென் 2, அடுத்தது ஜென் 3, கடைசியானது ஜென் 4. மூன்றாவது இலக்கம்தான் அதைச் சொல்கிறது. முதலில் இருக்கும் 7 அந்த மாடல் எந்த ஆண்டுக்கானது என்பதை மட்டும் காட்டுகிறது. கடைசி எழுத்தும் முக்கியம். 'யு' என்றால் குறைந்த மின்சாரம், 'எச்' என்றால் கூடுதல் வலு, கூடுதல் சூடு. மெலிந்த உடம்பில் 'எச்' வகையைத் திணித்தால் விசிறி இரைந்துகொண்டே இருக்கும். எழுத்து, இணையம், காணொளி அழைப்பு, கணக்கு அட்டவணை என்று இருப்பவர்களுக்கு அண்மைத் தலைமுறையின் நடுத்தர 'யு' வகை தாராளம். காணொளி வெட்டி ஒட்டுபவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது.

பேட்டரிக்கு '18 மணி நேரம்' என்றெல்லாம் எழுதியிருப்பதை ஒதுக்கிவிட்டு, பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்று சொல்லும் வாட்-மணிக் கணக்கைப் பார்த்தேன். என் கணினியில் 57 வாட்-மணி. ஆவணமும் இணையமுமாக வேலை செய்யும்போது சராசரியாக 7 முதல் 8 வாட் எடுக்கிறது. வகுத்தால் ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல். கையிலும் அதுதான் கிடைக்கிறது. விளம்பரக் கணக்கு பெரும்பாலும் ஒளியைக் குறைத்து ஒரே காணொளியை ஓடவிட்டு எடுப்பது. பழைய கணினி வாங்குபவர்களாக இருந்தால் விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை ஒன்று உண்டு. பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று அது உண்மையைச் சொல்லிவிடும். கணினி வந்த நாளே 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவது நிற்கும்படி அமைத்துவிட்டேன். லித்தியம் பேட்டரியை எப்போதும் முழு மின்னழுத்தத்தில் வைத்திருந்தால் சீக்கிரம் மூப்படையும். வெளியூர் போகும் நாளில் மட்டும் நூறு.

சார்ஜர் யுஎஸ்பி-சியில் வேலை செய்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இப்போது என் கைப்பேசியும் கணினியும் ஒரே 65 வாட் சார்ஜரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண யுஎஸ்பி-சி கம்பி 3 ஆம்பியர்தான் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் போக வேண்டுமானால் 5 ஆம்பியர் கம்பி வேண்டும். ஒரு வாரம் கணினி மெதுவாக சார்ஜ் ஆகிறதே என்று கணினியைச் சந்தேகித்தேன். குற்றம் இழுப்பறையிலிருந்து எடுத்த பழைய கம்பியில் இருந்தது. யுஎஸ்பி-சி துளைகள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. எது சார்ஜ் ஏற்றும், எது மானிட்டருக்குப் படம் அனுப்பும் என்று கையேட்டில் பார்க்க வேண்டும். பழைய பென்டிரைவ்களுக்கு ஒரு சாதாரண யுஎஸ்பியும், மானிட்டருக்கு ஒரு எச்டிஎம்ஐ துளையும் இருந்தால் எனக்குப் போதும், இருந்தன.

எந்த நிறுவனம், எந்த மாடல் என்று நீங்கள் கேட்கலாம். பெயர் சொல்லாததற்குக் காரணம், ஆறு மாதத்தில் அதே பெயரில் வேறு திரையோடு வேறு ஒன்று வந்துவிடும் என்பதுதான். நீண்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு விவரம் தேடுங்கள், அதில் ஏமாற வாய்ப்புக் குறைவு.

பழையதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அதன் ப்ராசஸர் இன்டெல்லின் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. உடைந்த கீலோடு மூடியை முழுவதுமாகக் கழற்றி எடுத்துவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, மேசை மானிட்டரில் இணைத்திருக்கிறேன். தலையில்லாத அந்த உடம்பு இப்போது என் கோப்புகளுக்குப் படி எடுத்து வைக்கும் வேலையைச் செய்கிறது. ஒரு நாளும் சுணங்கியதில்லை.

புதியதை மூலையைப் பிடித்துத் தூக்குவதில்லை. மூடியின் நடுவில் விரல் வைத்துத் திறக்கிறேன். அப்போதுதான் இரண்டு கீல்களுக்கும் பாரம் சமமாகப் போகும்.